அப்பலாச்சியன் பாதையில் அரிய காட்டுப்பூக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில், ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மேய்ன் மாநிலத்து கட்டாடின் மலையுச்சியில் முடிகிறது அப்பலாச்சியன் பாதை. 14 மாநிலங்கள், ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர், பெரும்பகுதி காடு. மரங்களில் தீட்டியிருக்கும் வெள்ளைப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தப்பாது. முழுப் பாதையையும் நடக்கப் போகிறவர்களும், வார இறுதியில் ஒரு துண்டு மட்டும் நடந்து பார்க்க நினைக்கிற தமிழ்க் குடும்பங்களும் பூக்களைப் பற்றிக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அரிய பூ கண்ணில் படுவது அதிர்ஷ்டம்தானே? தேடிப் போய்ப் பார்க்க முடியுமா?

தேடிப் போய்ப் பார்க்கலாம். அதற்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: அந்தச் செடி எந்த மாதிரி மண்ணில் நிற்கும், எந்த வாரத்தில் பூக்கும். பூவின் படத்தை மனப்பாடம் செய்வதைவிட இது முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

மலைமுகட்டில் ஓக், பைன் மரங்களுக்குக் கீழே மண் வறண்டும் அமிலத்தன்மையோடும் இருக்கும். அங்கே வளரும் கூட்டம் வேறு. இரண்டு சரிவுகளுக்கு நடுவே இலைமக்கு சேர்ந்து கறுத்துக் கிடக்கும் ஈரமான மடிப்புகளில் வளரும் கூட்டம் வேறு. வடக்கு பார்த்த சரிவில் வெயில் குறைவு, ஈரம் அதிகம். பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கசியும் இடம், சுண்ணாம்புப் பாறை தலைகாட்டும் இடம், மரமே இல்லாத புல்வெளி உச்சி, சதுப்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செடிகள் உண்டு. நடக்கும்போது மரம் மாறுகிறதா, மண்ணின் நிறம் மாறுகிறதா என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். மாறுகிற இடத்தில் வேகத்தைக் குறையுங்கள்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1780களின் இறுதியில் ஆந்த்ரே மிஷோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் கரோலினாவில் ஒரு செடியைச் சேகரித்தார். அதில் காய் மட்டுமே இருந்தது, பூ இல்லை. 1839இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே பாரிஸ் நகரில் அந்த உலர்ந்த செடியைப் பார்த்து, இது யாருக்கும் தெரியாத புது இனம் என்று கண்டுகொண்டார். ஷார்ட்டியா என்று பெயரும் வைத்தார். ‘கரோலினாவின் உயர்ந்த மலைகள்’ என்று சீட்டில் எழுதியிருந்ததை நம்பி உச்சிகளிலெல்லாம் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் 1877இல், வட கரோலினாவில் கட்டாபா ஆற்றங்கரையில், 17 வயதுப் பையன் ஒருவன் கண்ணில்தான் அது பட்டது. அது உச்சியில் வளரும் செடியே இல்லை, ஈரமான ஓடைக்கரைச் செடி. அவ்வளவு பெரிய அறிஞரே தவறான உயரத்தில் தேடினால் கண்டுபிடிக்க முடியாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் போக வேண்டும்?

பாதை தெற்கிலிருந்து வடக்கே போகிறது, வசந்தமும் அப்படியே வடக்கே போகிறது. ஜார்ஜியாவில் மார்ச் கடைசியில் பூக்கள் தொடங்கும். டென்னசி, வட கரோலினா எல்லையிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மலைகளில் ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை நல்ல காலம். வர்ஜீனியாவுக்கு மே, ஜூன். மேய்ன் சதுப்புகளுக்கு ஜூன், ஜூலை.

உயரமும் கணக்கில் வரும். ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் என்ற பூச்சியியலாளர் 1918இல் ஒரு கணக்கு சொன்னார்: வடக்கே ஒரு அட்சரேகைப் பாகை போனால் வசந்தம் சுமார் நான்கு நாள் தள்ளி வரும்; 400 அடி ஏறினாலும் அதே நான்கு நாள். தோராயமான கணக்குதான், ஆனால் நடைமுறையில் ரொம்பப் பயன்படும். பள்ளத்தாக்கில் ஒரு பூ உதிர்ந்து காயாகிவிட்டதா? வருத்தப்பட வேண்டாம். 2,000 அடி மேலே ஏறினால் ஏறக்குறைய மூன்று வாரம் பின்னால் போன மாதிரி. அங்கே அது இப்போதுதான் மலர்ந்திருக்கும். நாள்காட்டி கொடுக்காத இரண்டாவது வாய்ப்பை மலை கொடுக்கும்.

ஏப்ரலில் மரமெல்லாம் மொட்டையாக இருக்குமே, அப்போது போய் என்ன பார்ப்பது?

மரம் மொட்டையாக இருப்பதுதான் காரணமே! மேலே இலை விரிந்துவிட்டால் காட்டுத் தரைக்கு வெயில் வராது. அதற்கு முன்னால் கிடைக்கும் சில வாரங்களில் முளைத்து, பூத்து, காய்த்து, கோடை வருவதற்குள் மண்ணுக்குள் அடங்கிவிடும் செடிகள் இங்கே நிறைய. ஜூன் மாதம் அதே இடத்தில் நடந்தால் இப்படி ஒன்று இருந்த தடமே தெரியாது.

அந்த வாரங்களில் நான் முதலில் தேடுவது பிளட்ரூட். எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட வெள்ளை இதழ்கள், நடுவே மஞ்சள் மகரந்தம், தண்டைப் போர்த்தியபடி ஒரே இலை. கிழங்கை வெட்டினால் ரத்தச் சிவப்பில் பால் வரும், அது தோலை அரிக்கும். வெட்டிப் பார்க்க வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும். ஒரு பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். இரவிலும் மேகம் மூடிய நாளிலும் மூடிக்கொள்ளும். காலை ஏழு மணிக்குக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் பிளட்ரூட் கூட்டத்துக்கு நடுவே நடந்தும் அதைக் காணாமல் போவது இதனால்தான். வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் கண்ணைத் தரையில் வையுங்கள்.

ட்ரவுட் லில்லி என்பது இன்னொன்று. தவிட்டுப் புள்ளி போட்ட பச்சை இலை, தலை கவிழ்ந்த மஞ்சள் பூ. ஒற்றை இலையோடு நூற்றுக்கணக்கில் நிற்கும், பூ மட்டும் இருக்காது. ஒற்றை இலைச் செடி இன்னும் பூக்கும் பருவத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். விதையிலிருந்து பூவுக்கு வர அது பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். இரட்டை இலையைத் தேடுங்கள், பூ அங்கேதான்.

ஸ்மோக்கி மலைகளின் உயரப் பகுதிகளில் ஃப்ரிஞ்ச்டு ஃபசீலியா என்ற சின்ன வெள்ளைப் பூ தரையை மூடிப் பூக்கும். தூரத்தில் பார்த்தால் பனி இன்னும் உருகவில்லையோ என்று தோன்றும். குனிந்து பாருங்கள், ஒவ்வொரு இதழின் ஓரமும் நூல் பிரித்த துணிபோல் கிழிந்திருக்கும்.

ட்ரில்லியத்தை ஏன் எல்லாரும் அப்படிக் கொண்டாடுகிறார்கள்?

மூன்று இலை, மூன்று புல்லி, மூன்று இதழ். ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் மட்டும் 1,500க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர வகைகள் உண்டு. அதில் ட்ரில்லியங்களுக்குத் தனி இடம்.

பெரிய வெள்ளை ட்ரில்லியம் வயதாக ஆக ரோஜா நிறத்துக்கு மாறும். வெள்ளையும் ரோஜாவும் கலந்து நின்றால் இரண்டு இனம் என்று நினைத்துவிட வேண்டாம். வர்ஜீனியாவில் ஜி. ஆர். தாம்ப்சன் வனவிலங்குப் பகுதி வழியாகப் பாதை போகிறது. மே முதல் வாரத்தை ஒட்டி அங்கே சரிவு முழுக்க இந்தப் பூதான், லட்சக்கணக்கில். வாஷிங்டன் டிசி பக்கம் இருப்பவர்கள் ஒரே நாளில் போய்வரலாம். குழந்தைகளோடு போக நினைத்தால் நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான்.

அரிதானது வேண்டும் என்றால் பெயின்டட் ட்ரில்லியத்தைத் தேடுங்கள். வெள்ளை இதழின் அடியில் யாரோ தூரிகையால் இழுத்தது மாதிரி ஒரு சிவந்த வளைவு இருக்கும். உயரமான, குளிர்ந்த, அமில மண்தான் அதற்குப் பிடிக்கும். சிவப்பு ட்ரில்லியம் என்று ஒன்று உண்டு, மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் அழுகிய வாடை அடிக்கும். ஈக்களை அழைப்பதற்கான ஏற்பாடு அது.

இந்தச் செடியை ஏன் பறிக்கக் கூடாது என்று கேட்பவர்களுக்கு: விதையிலிருந்து முதல் பூ வர ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். விதையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதைக்காக எறும்புகள் அதைத் தூக்கிப்போகும், சதையைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும். எறும்பு நடக்கிற தூரம்தான் இந்தச் செடி ஒரு தலைமுறையில் நகரும் தூரம். பூவைத் தண்டோடு பறித்தால் அந்த மூன்று இலையும் கூடவே வந்துவிடும். வேறு இலை கிடையாது. அந்த ஆண்டு முழுக்க அந்தக் கிழங்குக்குச் சாப்பாடு இல்லை. மான்கள் மேய்வதே இந்தச் செடிக்குப் பெரிய சோதனை, நாமும் சேர வேண்டாம்.

பாதையில் ஆர்கிட் உண்டா?

உண்டு, நிறையவே. அதிகம் கண்ணில் படுவது பிங்க் லேடிஸ் ஸ்லிப்பர். தரையோடு இரண்டு இலை, நடுவே நீண்ட தண்டு, உச்சியில் ரோஜா நிறத்தில் ஒரு பை தொங்கும். மே நடுவிலிருந்து ஜூன் வரை, பைனும் ஓக்கும் கலந்த வறண்ட காட்டில் தேடுங்கள். பெரிய வண்டுத்தேனீ (பம்பிள் பீ) பையின் முன்பிளவு வழியாக உள்ளே போகும். தேன் இருக்காது. வந்த வழியே திரும்பவும் முடியாது, பின்பக்கம் மேலே இருக்கும் சின்ன இடைவெளி வழியாக நெருக்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அப்போது மகரந்தம் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு முறை ஏமாந்த தேனீ மறுபடி வராது. அதனால் பெரும்பாலான பூக்கள் காயாகாமலே உதிர்கின்றன.

காய்த்தாலும் சிக்கல் தீரவில்லை. விதை தூசி மாதிரி இருக்கும், உள்ளே உணவு கிடையாது. மண்ணிலுள்ள ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். செடியைத் தோண்டி வீட்டுத் தோட்டத்தில் வைத்தால் அந்தப் பூஞ்சை உறவு அறுந்துபோகும், செடி பெரும்பாலும் செத்துவிடும். யாராவது காட்டுச் செடியைத் தோண்டி விற்றால் வாங்காதீர்கள்.

மஞ்சள் லேடிஸ் ஸ்லிப்பரும் உண்டு. அது வளமான, சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணைத் தேடும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

உண்மையிலேயே அரிதானது ஸ்மால் வோர்ல்டு பொகோனியா. 1982இல் அழிவின் விளிம்பில் உள்ளதாகக் கூட்டாட்சி அரசு பட்டியலிட்டது, 1994இல் நிலை சற்று மேம்பட்டதால் ‘அச்சுறுத்தலில் உள்ளது’ என்ற பிரிவுக்கு மாற்றியது. தண்டின் உச்சியில் ஐந்தாறு இலை வட்டமாக நிற்கும், நடுவே பச்சையும் மஞ்சளுமான ஒரு சாதாரணப் பூ. சில ஆண்டுகள் வெளியே வராமல் மண்ணுக்குள்ளேயே இருந்துவிடும். இண்டியன் குக்கும்பர் ரூட் என்ற சாதாரணச் செடியும் இளசாக இருக்கும்போது இதே மாதிரி இருக்கும், ஆகவே தண்டைப் பாருங்கள். பொகோனியாவின் தண்டு தடித்து, வழவழப்பாக, வெளிறிய சாம்பல் பச்சையில் இருக்கும். மற்றதன் தண்டு மெல்லியது, பஞ்சு மாதிரி முடி ஒட்டியிருக்கும்.

வெள்ளையாக, மெழுகு மாதிரி ஒன்று முளைத்திருந்தது. காளானா?

காளான் இல்லை, பூக்கும் செடிதான். கோஸ்ட் பைப் என்பார்கள். பச்சையமே கிடையாது, அதனால் வெயிலும் தேவையில்லை. ஓக், பீச் போன்ற மரங்கள் தங்கள் வேரோடு வாழும் பூஞ்சைகளுக்குச் சர்க்கரை கொடுக்கின்றன. அந்தப் பூஞ்சையிடமிருந்து இது எடுத்துக்கொள்கிறது. ரோடோடெண்ட்ரானும் புளூபெரியும் இதற்கு ஒரே குடும்பத்து உறவுகள் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உண்மை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, நல்ல மழைக்கு அடுத்த நாட்களில், இருட்டான காட்டில் இலைக்குப்பையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பூ தலை குனிந்திருக்கும். கருவுற்ற பிறகு மெல்ல நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும். பறித்தால் கறுத்துவிடும். மருந்து என்று சொல்லி இதைக் கூடை கூடையாக எடுக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது, எனக்கு அது மிகவும் வருத்தமான விஷயம். பூஞ்சை, மரம், செடி மூன்றும் சேர்ந்த ஏற்பாட்டை யாராலும் நட்டு வளர்த்துவிட முடியாது.

இதே வகையில் பேர் கார்ன் என்பது ஓக் வேரில் ஒட்டுண்ணியாக வாழும். வசந்தத்தில் மஞ்சள் கதிர் மாதிரி கொத்தாக எழும், கரடிகள் விரும்பித் தின்னும். பீச் மரத்தடியில் பீச்டிராப்ஸ் இலையுதிர் காலத்தில் வரும், காய்ந்த குச்சி என்று கடந்துபோய்விடுவோம்.

ரோன் மலைக்கு எப்போது போகலாம்?

ஜூன் மாதம், நடுவிலிருந்து கடைசி வரை. வட கரோலினாவும் டென்னசியும் சந்திக்கும் கார்வர்ஸ் கேப் 5,512 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காரை நிறுத்திவிட்டுக் கிழக்கே நடந்தால் மரமில்லாத புல் உச்சிகள் வரிசையாக வரும், ‘பால்டு’ என்று அங்கத்தியர் சொல்வார்கள். கட்டாபா ரோடோடெண்ட்ரான் ஊதாவும் ரோஜாவுமாகப் புதர் புதராகப் பூத்திருக்கும். அதைப் பார்க்கத்தான் எல்லாரும் வருவார்கள்.

நீங்கள் கூட்டம் போன பிறகு புல்லுக்குள் பாருங்கள். கிரேஸ் லில்லி அங்கே இருக்கும். செம்மஞ்சளில் மணி மாதிரி கவிழ்ந்த பூ, உள்ளே கரும்புள்ளிகள். மேலே சொன்ன அதே ஆசா கிரே 1840களின் தொடக்கத்தில் இந்த மலையில் சேகரித்த பூ இது, அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. தெற்கு அப்பலாச்சிய மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லை. ஜூலையில் பூக்கும் டர்க்ஸ் கேப் லில்லி இதைவிட உயரமானது, அதன் இதழ்கள் பின்பக்கமாக முழுக்கச் சுருண்டிருக்கும். கிரேஸ் லில்லியின் இதழ்கள் அப்படிச் சுருளாது. இதை ஒரு பூஞ்சை நோய் இப்போது தாக்கிவருகிறது. புல்லுக்குள் இறங்காமல், பாதையில் நின்றே பாருங்கள்.

வெள்ளை மலைகளின் உச்சியில் பூக்கள் உண்டு என்கிறார்கள். முழுப் பாதை நடப்பவர்கள் பார்க்க முடியுமா?

வடக்கு நோக்கி நடப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அவர்கள் நியூ ஹாம்ப்ஷையர் போய்ச் சேர ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். உச்சிப் பூக்களின் நேரமோ ஜூன் முதல் பாதி. இதை முன்பே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. அந்தப் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு ஜூனில் வாருங்கள் என்பேன்.

பனியுகத்தில் தெற்கே இறங்கிய வடதுருவச் செடிகள், பனி விலகிய பிறகு இந்த உச்சிகளில் மட்டும் தங்கிவிட்டன. டயபென்சியா தரையோடு தரையாக மெத்தை மாதிரி படர்ந்து, அதன்மேல் வெள்ளைப் பூக்களை நிறுத்தும். லாப்லாந்து ரோஸ்பே என்பது சாண் உயரம்கூட வளராத ரோடோடெண்ட்ரான். 1934 ஏப்ரலில் மணிக்கு 231 மைல் வேகக் காற்று பதிவான வாஷிங்டன் மலை இதே தொடரில்தான் இருக்கிறது, உயரமாக வளர்ந்து என்ன செய்ய?

இங்கே ஒரு செடியைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ராபின்ஸ் சிங்க்ஃபாயில், ஒரு நாணய அளவே இருக்கும் இலைக்கொத்து, சின்ன மஞ்சள் பூ. மன்ரோ மலையடியில் அது வளரும் சரளைத் தரை வழியாகவே பாதை போய்க்கொண்டிருந்தது. நடப்பவர்கள் காலில் மிதிபட்டும், சேகரிப்பவர்கள் பிடுங்கியும் அது அழியும் நிலைக்கு வந்தது. 1980இல் பட்டியலிட்டுப் பாதுகாத்தார்கள். 1983இல் பாதையையே வேறு பக்கம் மாற்றினார்கள், ஓரத்தில் கல்சுவர் எழுப்பினார்கள், நர்சரியில் வளர்த்த நாற்றுகளை நட்டார்கள். 2002இல் அதைப் பட்டியலிலிருந்தே நீக்க முடிந்தது. அழியும் நிலையிலிருந்து மீண்ட செடிகள் உலகத்தில் அதிகம் இல்லை. அந்த இடத்துக்குள் இன்றும் போகக் கூடாது. கல்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, எதற்காக நம் பாதை சுற்றிப் போகிறது என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

மரங்கள் வளராத உயரத்தில் எங்கு நடந்தாலும் செடிமேல் அல்ல, பாறைமேல் கால் வையுங்கள்.

கோடை முடிந்த பிறகு ஒன்றும் இருக்காதா?

இருக்கும். மேய்ன் சதுப்புகளில் பலகைப் பாதை போட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் பிட்சர் பிளாண்ட் என்ற குடுவைச் செடிகளும், பனித்துளி மாதிரி பசை மின்னும் வட்ட இலை டிரோசெராவும் பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும். குடுவைச் செடியின் பூ ஜூன், ஜூலையில் வரும், குடுவைகளை எப்போதும் பார்க்கலாம்.

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை குளோஸ்டு ஜென்ஷியன். அடர்நீல மொட்டாகவே கடைசிவரை இருக்கும், விரியவே விரியாது. நாளைக்கு மலரும் என்று காத்திருக்க வேண்டாம். பலமுள்ள வண்டுத்தேனீ மட்டும் நுனியைப் பிளந்து உள்ளே போய், மறுபடி மூடிக்கொண்ட பூவுக்குள்ளிருந்து வெளியே வரும். அதைப் பார்க்க ஒரு அரை மணி உட்காரலாம், தவறில்லை. அப்புறம் அக்டோபர், நவம்பரில் இலையெல்லாம் உதிர்ந்தபின் விட்ச் ஹேசல் புதரில் மஞ்சள் நூல் சுருள்கள் தொங்கும். அதுதான் பூ.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பார்த்த செடிகளின் சாயல் இங்கே தெரிகிறதே?

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். நீலகிரியின் சிவந்த ரோடோடெண்ட்ரானும் ரோன் மலையின் ஊதாவும் ஒரே பேரினம். சோலைக்காட்டில் பாம்பு படமெடுத்த மாதிரி நிற்கும் அரிசீமாவைப் பார்த்தவர்கள், இங்கே ஜாக் இன் த புல்பிட் செடியைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள், அதுவும் அரிசீமாதான். இதில் ஒரு விசேஷம்: சின்னதாக இருக்கும்போது ஆண் பூ, கிழங்கில் சத்து சேர்ந்து பெரிதானால் பெண் பூ. காய்த்துக் களைத்துப்போனால் அடுத்த ஆண்டு மறுபடி ஆண். டிரோசெராவும் இரண்டு மலைகளுக்கும் பொது.

கையேடு இல்லாமல் எப்படி அடையாளம் காண்பது? ஆப் போதுமா?

ஆப் உதவும். சீக் என்ற ஆப் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓரளவு பெயர் சொல்லும். ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் படத்தைப் பிறகு ஏற்றினால் தெரிந்தவர்கள் வந்து திருத்துவார்கள். ஆனால் ஆப் சொன்ன முதல் பெயரை அப்படியே நம்ப வேண்டாம், முக்கியமாக ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் செடிகளில்.

பெரும்பாலோர் பூவை மட்டும் நெருங்கிப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடிவதில்லை. முதலில் இதழை எண்ணுங்கள். பிறகு இலைகள் எதிரெதிரா, மாற்றி மாற்றியா, வட்டமாகவா, தரையோடா என்று பாருங்கள். இலை ஓரம் மழுமழுப்பா, பல்லா? தண்டில் முடி உண்டா? பூவின் பின்பக்கம், பக்கவாட்டு, முழுச் செடி, பக்கத்திலிருக்கும் மரம் எல்லாவற்றையும் ஒவ்வொரு படம். அளவுக்கு விரலையோ கைத்தடி நுனியையோ அருகில் வையுங்கள். பத்து மடங்கு காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று கழுத்தில் தொங்கட்டும், எடையே தெரியாது.

படத்தைப் போடும்போது இடத்தையும் சொல்லலாமா?

அரிய ஆர்கிட், மருந்து வேருக்காகத் தோண்டப்படும் ஜின்செங், கோஸ்ட் பைப் இவற்றுக்குக் கண்டிப்பாகச் சொல்லக் கூடாது. தோண்டி எடுப்பவர்களும் அதே படங்களைப் பார்க்கிறார்கள். ஃபோனில் எடுத்த படத்துக்குள் இட விவரம் பதிந்திருக்கும், அனுப்புவதற்கு முன் அணைத்துவிடுங்கள். அச்சுறுத்தலில் உள்ள இனங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே இடத்தை மங்கலாக்கும், மற்றவற்றுக்கு நீங்களே மங்கலாக்கும் வசதி உண்டு. பின்னணியில் பலகையோ தெரிந்த பாறையோ வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் பெயர் போதும்.

பூவுக்காக மண்டியிட்டு உட்காருவதில் ஆபத்து உண்டா?

உண்ணிதான் முதல் கவலை, லைம் நோயைப் பரப்பும். மே முதல் ஜூலை வரை இளம் உண்ணிகள் எள்ளைவிடச் சின்னதாக இருக்கும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த பேன்ட், காலுறைக்குள் செருகிய நுனி, இரவு படுக்குமுன் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள் என்று சோதனை. பெர்மெத்ரினைத் துணியில்தான் அடிக்க வேண்டும், தோலில் அல்ல.

அடுத்தது, பட்டால் தோல் அரித்துக் கொப்பளிக்கும் பாய்சன் ஐவி. மூன்று சிற்றிலை, நடு இலையின் காம்பு மட்டும் நீளம். மரத்தில் ஏறும் கொடியாக இருந்தால் முடி முடியாக வேர் தெரியும். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை ஊன்றும் முன் தரையைப் பாருங்கள், பாம்புக்கும் இதே விதிதான்.

இலைகள் சிலவற்றைச் சாப்பிடலாம் என்கிறார்களே?

வேண்டாம். ராம்ப்ஸ் என்ற காட்டு வெங்காய இலையைப் பறிக்கப் போய், அதே காலத்தில் முளைக்கும் நச்சுச் செடியான ஃபால்ஸ் ஹெல்லெபோரைத் தின்று மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. மவுன்டன் லாரலும் ரோடோடெண்ட்ரானும் இலை, பூ, தேன் எல்லாமே நஞ்சு. லாரல் பூவைத் தின்பதற்குப் பதில் பாருங்கள்: பத்து மகரந்தத் தண்டுகளும் வில்லாக வளைந்து, இதழிலுள்ள குழிகளில் நுனியைச் செருகியிருக்கும். தேனீ வந்து தொட்டதும் விடுபட்டு அதன்மேல் மகரந்தத்தை வீசும். வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் ஜூன் தொடக்கத்தில் இதற்கென்றே போகலாம்.

ஒரு நாளைக்கு 15, 20 மைல் நடக்க வேண்டிய கட்டாயத்தில் பூவுக்கு எங்கே நேரம்?

எல்லாப் பூவுக்கும் நிற்க வேண்டாம். ஓய்வெடுக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். பலரும் காட்சிமுனையில் உட்காருகிறார்கள், அது வறண்ட பாறை. தண்ணீர் பிடிக்கும் ஓடை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் அந்த அரை மணியில் நான்கைந்து வகையாவது கண்ணில் படும். கூட வருபவர் வேகமாக நடப்பவர் என்றால், அடுத்த தங்குகுடிலில் சந்திப்போம் என்று சொல்லிவிட்டுப் பின்தங்கி வாருங்கள். ஸ்மோக்கி மலைகளையும் ரோன் மலையையும் மட்டுமாவது பாதி வேகத்தில் நடக்கும்படி திட்டம் போடுங்கள்.

பட்டியலில் உள்ள அரிய செடி என்று சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது?

தேசியப் பூங்காவுக்குள் என்றால் அங்குள்ள ரேஞ்சர் அலுவலகம். வெளியே என்றால் அந்தந்த மாநிலத்தின் இயற்கை மரபுத் திட்ட அலுவலகம், அல்லது பாதையைப் பராமரிக்கும் அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி. படங்கள், தேதி, ஃபோன் காட்டும் இடப்புள்ளி, எத்தனை செடி, எத்தனை பூத்தவை, பக்கத்தில் என்ன மரம், மேய்ந்த தடமோ மிதித்த தடமோ உண்டா என்று எழுதி அனுப்புங்கள். இலையோ பூவோ சான்றுக்காகக் கூடப் பறிக்க வேண்டாம். பதில் வரத் தாமதமாகலாம், அடுத்த பருவத்தில்தான் யாராவது போய்ப் பார்க்க முடியும். அதனால் குறிப்பைத் தெளிவாக, போகிறவர் உங்களைக் கேட்காமலே அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்படி எழுதுங்கள்.